கழுத்துத் தமனிச் சுருக்கம்: மருந்துச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

கழுத்துத் தமனிச் சுருக்கம் என்பது, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் நார்த்திசுவும் சுண்ணாம்பும் சேர்ந்து படிந்து, இரத்தம் ஓடும் வழி குறுகிவிடும் நோய் ஆகும். குரல்வளையின் இரு பக்கமும் விரலை வைத்தால் துடிப்பது இத்தமனிதான். மருத்துவர்கள் இதைக் கரோட்டிட் தமனி என்பார்கள். தாடைக்குச் சற்றுக் கீழே இது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குச் செல்கிறது. மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. படிவு பெரும்பாலும் இந்தப் பிரிவிடத்தில்தான் உண்டாகிறது.

இன்று இந்நோய்க்கு மூன்று வழிகளில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. படிவை அறுத்து எடுப்பது ஒன்று. ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை உள்ளே வைத்து வழியை விரிப்பது இரண்டு. மருந்து மூன்று. முதல் இரண்டும் சிலருக்கு மட்டுமே தேவைப்படுகின்றன. மருந்தோ, அறுவை செய்துகொண்டவர்கள் உட்பட அனைவருக்கும் தேவை. ஆயினும் "ஆபரேஷன் வேண்டாமாம், மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள்" என்றே வீடுகளில் சொல்லப்படுகிறது. அந்தத் 'தான்' என்ற சொல்லில் ஒரு குறைமதிப்பு இருக்கிறது. அறுவையின் நிழலில் நின்ற மாத்திரை எவ்வாறு முதன்மைச் சிகிச்சையாக வளர்ந்தது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

கழுத்துக்கும் வாதத்துக்கும் உள்ள தொடர்பு

கை கால் இழுத்துக்கொள்வதும், வாய் கோணுவதும், பேச்சுக் குழறுவதும் மூளையின் நோயால் வருபவை என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. காரணம் கழுத்தில் இருக்கக்கூடும் என்பது மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்ஃபர், வாதத்தால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து 1658இல் நூல் வெளியிட்டார். 1664இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைந்திருப்பதை விளக்கினார். ஒருபக்கக் கழுத்துத் தமனி முழுவதும் அடைபட்டிருந்தும் வாதமே வராமல் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். ஒரு வழி அடைபட்டாலும் மற்ற வழிகள் ஈடுகொடுக்கக்கூடும் என்பது அப்போதே தெரிந்த செய்தி.

உயிரோடு இருப்பவரின் தமனியைப் பார்க்கும் வழி 1927இல் கிடைத்தது. போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், தமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை லிஸ்பன் நகரில் செய்துகாட்டினார்.

கழுத்துத் தமனியின் நோயையும் வாதத்தையும் உறுதியாக இணைத்தவர் கனடாவின் சார்லஸ் மில்லர் ஃபிஷர். மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய இவர் 1951இல் வெளியிட்ட கட்டுரையில், பெரிய வாதம் வருமுன் பல நோயாளிகளுக்குச் சில நிமிடங்களே நீடிக்கும் சிறு அறிகுறிகள் தோன்றி மறைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போலப் பார்வை மங்கித் திரும்புவது, ஒரு கை மரத்துப்போய்ச் சரியாவது போன்றவை அவை. இப்போது மினி ஸ்ட்ரோக் என்று நம்மவர்களும் சொல்வது இதைத்தான். 1959இல் அவர் இன்னொன்றையும் பதிவு செய்தார். பார்வை மங்கிய நேரத்திலேயே ஒரு நோயாளியின் கண்ணுக்குள் கருவியால் பார்த்தபோது, விழித்திரைத் தமனிகளில் வெண்ணிறத் துணுக்குகள் நகர்ந்து செல்வதைக் கண்டார்.

இந்தக் காட்சியிலிருந்துதான் மருந்துச் சிகிச்சையின் அடிப்படைக் கருத்து பிறந்தது எனலாம். வழி குறுகி இரத்தம் போதாமல் போவது மட்டுமே ஆபத்து அன்று. படிவின் மேற்பரப்பு வெடித்து, அங்கே இரத்தத் தட்டணுக்கள் திரண்டு, அந்தத் திரட்சி துணுக்குகளாக உடைந்து மூளைக்குப் பறப்பதே பெரிய ஆபத்து. ஆகவே வழியை அகலப்படுத்தாமலேயே, படிவை அமைதிப்படுத்தியும் தட்டணுக்கள் திரளாமல் தடுத்தும் வாதத்தைத் தவிர்க்க முடியும். "மாத்திரை சாப்பிட்டால் அடைப்பு கரையுமா?" என்பதே நோயாளிகளின் வழக்கமான கேள்வி. மாத்திரையின் முதல் வேலை கரைப்பது அன்று, உடையாமல் காப்பது.

உறைவெதிர் மருந்துகள்

முதலில் கையில் எடுக்கப்பட்டவை இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. கார்ல் பால் லிங்க் குழுவினர் அந்தப் புல்லை ஆராய்ந்து, உறைவைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்த வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று.

1950களில் ஃபிஷர் உட்படப் பலர் மினி ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு உறைவெதிர் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். பயன் இருந்ததாகத் தோன்றியது. ஆனால் இரத்தக்கசிவும் கூடவே வந்தது. இந்த ஐயம் தீர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2001இல் 2,206 நோயாளிகளைக் கொண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இதயக் காரணம் இல்லாத வாதத்தில் வார்ஃபரினும் ஆஸ்பிரினும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. எளிய மருந்தே போதும் என்று முடிவாயிற்று. இதயத்துடிப்புச் சீரின்மையால் வரும் வாதத்துக்கு உறைவெதிர் மருந்து இன்றும் முதன்மையானது. அது வேறு நோய்.

ஆஸ்பிரின்: தலைவலி மாத்திரையின் இரண்டாம் வாழ்க்கை

ஆஸ்பிரினை 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தூய வடிவில் உருவாக்கினர். ஐம்பது ஆண்டுக்காலம் அது காய்ச்சலுக்கும் தலைவலிக்குமான மருந்தாகவே இருந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த லாரன்ஸ் கிரேவன் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை நிறைய மென்றவர்களுக்கு இரத்தம் அதிகமாகக் கசிந்தது. அப்படியானால் இது இரத்தக்குழாயில் உறைவு வராமலும் தடுக்குமே என்று எண்ணி, தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950களில் சிறிய மருத்துவ இதழ்களில் எழுதினார். 1956இல் மூளை உறைவையும் சேர்த்துக் கட்டுரை வெளியிட்டார். அவருடைய ஆய்வில் ஒப்பீட்டுக்குழு இல்லை. அதனால் மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

1971இல் இங்கிலாந்தின் ஜான் வேன், ஆஸ்பிரின் உடலில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இவருக்குப் பங்கு கிடைத்தது. தட்டணுக்கள் ஏன் திரளாமல் போகின்றன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மனிதரில் பயன் உண்டா என்பதற்கான விடையைக் கனடா தந்தது. ஹென்றி பார்னெட் தலைமையில் 585 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. மினி ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு, அடுத்து வாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஆய்வில் ஆண்களிடம் மட்டுமே பயன் தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் பெண்களுக்கும் பயன் உண்டு என்று உறுதிப்படுத்தின.

எவ்வளவு கொடுப்பது என்பதும் மாறியது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் வரை கொடுத்தனர். 1991இல் நெதர்லாந்து ஆய்வு, 30 மில்லிகிராமும் 283 மில்லிகிராமும் சம பயன் தருவதாகக் காட்டியது. இன்று வழக்கில் உள்ள 75 மில்லிகிராம் சிறு மாத்திரையின் பின்னணி இதுவே. 1996இல் 19,185 பேரைக் கொண்ட ஆய்வு, குளோபிடோக்ரெல் என்ற மற்றொரு தட்டணு எதிர்ப்பு மருந்தை நிலைநாட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயே இல்லாத முதியவர்கள் தாமாகவே தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்வதால் நன்மையைவிட இரத்தக்கசிவே மிகும் என்று 2018இல் வெளிவந்த ஆஸ்பிரீ ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்பதற்காக நாமும் சாப்பிடும் மருந்து அன்று இது.

இரத்த அழுத்தமும் ஓர் இந்திய மூலிகையும்

1950கள் வரையில், வயது ஏற ஏற இரத்தக்கொதிப்பு ஏறுவது இயற்கைதான், அதைக் குறைக்கக்கூடாது என்று எண்ணிய மருத்துவர்கள் இருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றியதில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகை இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்தது. பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், அதை இரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அம்மூலிகையிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிரீஸ் தலைமையில் முன்னாள் படைவீரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு ரிசர்பினும் வேறு இரு மருந்துகளும் கொடுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 1967இல் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன; மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. இரத்தக்கொதிப்பைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளால் ரிசர்பின் இன்று பெரும்பாலும் வழக்கில் இல்லை. ஆனால் அது திறந்த வழியில் வேறு மருந்துகள் வந்தன. 2001இல் 6,105 பேரிடம் நடந்த புரோகிரஸ் ஆய்வில், ஒருமுறை வாதம் வந்தவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்தபோது மறுவாதம் 28 விழுக்காடு குறைந்தது.

அறுவை முன்னணியில் நின்ற காலம்

மருந்துகள் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சேர்ந்துவந்த அதே காலத்தில் அறுவை மருத்துவம் வேகமாக முன்னேறியது. 1953இல் அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி, கழுத்துத் தமனியைத் திறந்து படிவை எடுத்தார். 1954இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட் குழுவினர், அடிக்கடி மினி ஸ்ட்ரோக் வந்த ஒரு பெண்ணுக்கு அடைபட்ட பகுதியை நீக்கித் தமனியை இணைத்துக் குணப்படுத்திய செய்தி வெளிவந்தது. அதன்பின் இவ்வறுவை எங்கும் பரவியது. உண்மையில் யாருக்குப் பயன் என்பது மட்டும் நெடுநாள் சோதிக்கப்படாமலே இருந்தது.

அதைச் சோதித்தவரும் ஆஸ்பிரின் ஆய்வை நடத்திய பார்னெட்தான். 1991இல் அவர் தலைமையில் வெளிவந்த நாசெட் ஆய்வு, அறிகுறி தோன்றி, 70 முதல் 99 விழுக்காடு வரை சுருக்கம் இருந்தவர்களை இரு குழுவாகப் பிரித்தது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்கத்து வாதம் மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கு வந்தது. அறுவையும் செய்துகொண்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கு வந்தது. இது பெரிய வேறுபாடு. அறிகுறியோடு கூடிய கடும் சுருக்கத்துக்கு அறுவை வேண்டும் என்ற விதி இன்றளவும் இதன்மேல் நிற்கிறது.

அறிகுறியே இல்லாதவர்களின் நிலை வேறு. 1995இல் 1,662 பேரைக் கொண்டு வெளிவந்த ஏகாஸ் ஆய்வில், ஐந்தாண்டு வாத வாய்ப்பு மருந்துக் குழுவில் 11 விழுக்காடு, அறுவைக் குழுவில் 5.1 விழுக்காடு. அதாவது நூறு பேருக்குக் கத்தி வைத்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஆறு வாதம் தவிர்க்கப்படும். இந்த முடிவை வைத்து எத்தனையோ பேருக்கு அறுவை செய்யப்பட்டது. ஆனால் இவ்விரு ஆய்வுகளிலும் 'மருந்து' என்று எது கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பிரின், கூடவே அக்கால வழக்கப்படி இரத்த அழுத்தச் சிகிச்சை. கொழுப்பைக் குறைக்கும் வலிய மருந்து அப்போது பரவலாக வழக்குக்கு வரவில்லை. அறுவை வென்றது உண்மை; பாதி ஆயுதத்தோடு நின்ற மருந்தை அது வென்றது என்பதும் உண்மை.

பூஞ்சையிலிருந்து வந்த ஸ்டேட்டின்

மீதிப் பாதி ஆயுதம் ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, உடலில் கொலஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கலாம் என்று கருதி ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்தார். 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் அது அகப்பட்டது. அந்தப் பூஞ்சை அரிசியில் வளர்ந்திருந்தது. அவர் கண்ட பொருள் மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஸ்டேட்டின் ஆயிற்று. எண்டோ 2024இல் மறைந்தார்.

1994இல் ஸ்காண்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டேட்டின் மரணத்தை 30 விழுக்காடு குறைத்தது. 2002இல் 20,536 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வில் வாதம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2006இல் வெளிவந்த ஸ்பார்க்கிள் ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. வாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த 4,731 பேருக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேட்டின் அல்லது வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களில் கழுத்துத் தமனிச் சுருக்கம் இருந்த 1,007 பேரைத் தனியே பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கு வாதம் 33 விழுக்காடு குறைந்திருந்தது. கழுத்தில் அறுவையோ ஸ்டென்டோ செய்ய வேண்டிய தேவை 56 விழுக்காடு குறைந்திருந்தது.

ஸ்டேட்டின் கொலஸ்டிராலைக் குறைப்பதோடு நிற்பதில்லை. படிவின் உள்ளே இருக்கும் அழற்சி தணிகிறது. அதன் மேல்மூடி உறுதிப்படுகிறது. கொழகொழவென்றிருந்த படிவு இறுகி அமைதியாகிறது. ஸ்கேனில் 60 விழுக்காடாக இருந்த சுருக்கம் இரண்டு ஆண்டுக்குப் பின்னும் 60 ஆகவே இருக்கலாம். எண் மாறவில்லை என்று சலித்து மாத்திரையை நிறுத்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நாள் கணக்கு

மருந்து எது என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம் என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் குழுவினர் காட்டினர். 2007இல் வெளிவந்த அவர்களது எக்ஸ்பிரஸ் ஆய்வில், மினி ஸ்ட்ரோக்குக்கும் சிறு வாதத்துக்கும் அன்றே சிகிச்சையைத் தொடங்கியபோது, 90 நாளுக்குள் மறுவாதம் வரும் வாய்ப்பு 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. இருந்த மருந்துகளையே தாமதமின்றிக் கொடுத்தார்கள்.

2005இல் ஐரோப்பாவில் நடந்த கேரஸ் ஆய்வு, அறிகுறியோடு கூடிய கழுத்துத் தமனிச் சுருக்கத்தில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தால் மூளைக்குப் பறக்கும் துணுக்குகள் குறைவதை ஒலியலைக் கருவியால் எண்ணிக் காட்டியது. 2013இல் சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வு, முதல் மூன்று வாரம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் பயனை நிறுவியது. நெடுநாள் சேர்த்துக் கொடுத்தால் இரத்தக்கசிவு மிகுவதால், பிறகு ஒன்றே தொடரப்படுகிறது.

மீண்டும் ஒரு தராசு

மருந்து இவ்வளவு வளர்ந்தபின், பழைய ஒப்பீடு இன்னும் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. 2011இல் சாம்பிரிஸ் ஆய்வு, மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிச் சுருக்கத்தில் ஸ்டென்டைவிடத் தீவிர மருந்துச் சிகிச்சையே பாதுகாப்பானது என்று காட்டியது. 30 நாளுக்குள் வாதம் அல்லது மரணம் ஸ்டென்ட் குழுவில் 14.7 விழுக்காடு, மருந்துக் குழுவில் 5.8 விழுக்காடு. இந்தியர் உட்பட ஆசிய மக்களிடம் இவ்வகைச் சுருக்கம் மிகுதி என்பதால் இது நமக்கு முக்கியமான முடிவு.

கழுத்துத் தமனிக்கான விடையை 2025 நவம்பரில் வெளிவந்த கிரெஸ்ட்-2 தந்தது. அறிகுறி இல்லாமல் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருக்கம் இருந்தவர்களிடம் இரு தனி ஆய்வுகள் நடந்தன. அனைவருக்கும் மேல் அழுத்தத்தை 130க்குக் கீழும், கெட்ட கொழுப்பை 70க்குக் கீழும் வைக்க முயன்றனர். நான்கு ஆண்டுக் கணக்கில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரும், ஸ்டென்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 2.8 விழுக்காட்டினரும் பாதிக்கப்பட்டனர். அறுவை ஆய்வில் அவ்வெண்கள் 5.3, 3.7, இது உறுதியான வேறுபாடாகக் கொள்ளத்தக்கது அன்று.

இம்முடிவை இருபக்கமும் பார்க்க வேண்டும். அனுபவம் மிக்க கைகளில் ஸ்டென்ட் கூடுதல் பயன் தந்தது. அதே சமயம், எதுவும் செய்யாமல் மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் 94 பேருக்கு மேல் நான்கு ஆண்டு பாதிப்பின்றிக் கடந்தனர். அறிகுறி இல்லாதவருக்கு அவசரம் இல்லை, மருத்துவரோடு அமர்ந்து யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

சென்னையின் பங்கு

தமிழ்நாட்டில் வாதநோயைக் கணக்கெடுத்த தொடக்க ஆய்வுகளுள் ஒன்று வேலூரில் நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆபிரகாம் குழுவினர் 1968-69இல் வீடு வீடாகக் கணக்கெடுத்து, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 57 பேர் வாதத்தால் கை கால் முடங்கியிருப்பதாக 1970இல் வெளியிட்டனர்.

கழுத்துத் தமனியையே அளந்து பார்த்தது சென்னை. மருத்துவர் வி. மோகன் குழுவினர், தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய இரு பகுதிகளில் நடத்திய சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில், தமனியின் உட்சுவர்த் தடிமனை ஒலியலைக் கருவியால் அளந்து 2000இல் வெளியிட்டனர். நீரிழிவு உள்ளவர்களின் சராசரித் தடிமன் 0.95 மில்லிமீட்டர், இல்லாதவர்களுக்கு 0.74 மில்லிமீட்டர். சர்க்கரை நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் மட்டும் கெடுப்பதில்லை, கழுத்திலும் வேலை செய்கிறது என்பதற்கு நம் ஊர் மக்களின் உடலிலிருந்தே கிடைத்த சான்று இது.

இன்று சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் பிள்ளைகளோடு வந்து குடியேறிய முதியோர் நிறையப் பேர் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அத்தகைய திட்டங்கள் சிலவற்றில் கழுத்து டாப்ளர் ஸ்கேனும் சேர்க்கப்படுகிறது. அறிகுறி இல்லாத பொதுமக்கள் அனைவருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2014, 2021 பரிந்துரை. எதிர்பாராமல் சுருக்கம் தெரியவந்தால், அந்தத் தாளில் உள்ள விழுக்காட்டை மட்டும் பார்த்து அஞ்சுவதைவிட, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய நான்கையும் சரிசெய்யத் தொடங்குவதே முதல் வேலை.

தாம்பரம் முன்பே காட்டிய வழி

அறுவைக்கும் மாத்திரைக்கும் இடையிலான இந்த வழக்கு நம் பகுதிக்குப் புதியது அன்று. வேறொரு நோயில் இதே வழக்கு இங்கே நடந்து முடிந்திருக்கிறது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரே அதன் அடையாளம். டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் இங்கே காசநோய் நலவாழ்வு இல்லத்தை நிறுவினார்; 1937இல் அரசு அதை ஏற்றது. அக்காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு; சிலருக்கு விலா எலும்பை நீக்கும் கடும் அறுவை.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தியல் மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நலவாழ்வு இல்லத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தனர். வீட்டில் நெருக்கடியும் குறைந்த உணவும் இருந்தும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் முடிவு வெளிவந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை இது மாற்றியது.

சென்னை ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. மாத்திரை வீட்டுக்குப் போனால், அதை நோயாளி விடாமல் விழுங்குகிறாரா என்பதே அடுத்த கேள்வி என்று உணர்ந்தனர். பணியாளரின் கண்முன்னே மருந்தை உட்கொள்ளும் முறையை 1960களிலேயே சோதித்தனர். மருந்து கொடுப்பது வேறு. மருந்து உள்ளே போவது வேறு. கழுத்துத் தமனி நோய்க்கும் இது அப்படியே பொருந்தும். இன்னும் ஒரு படி கடினம் என்றே சொல்லலாம். காசநோயாளிக்கு இருமல் குறைவது தெரியும். கழுத்துத் தமனி நோயாளிக்கு மாத்திரை வேலை செய்வதன் அடையாளம், எதுவும் நடக்காமல் இருப்பதுதான்.

விலையும் வழங்கலும்

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு அன்றி அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. இதனால் வெளிநாட்டில் விலை உயர்ந்திருந்த மருந்துகளையும் இந்திய நிறுவனங்கள் மலிவாகச் செய்தன. 2005இல் சட்டம் மாறியது. அதற்குள் அந்தத் தொழில் வேரூன்றிவிட்டது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கும் முறையை ஏற்படுத்தியது.

2003இல் இங்கிலாந்தின் வால்டும் லாவும், பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்க்கும் யோசனையை முன்வைத்தனர். அதை முதலில் பெரிய அளவில் சோதித்த நாடுகளுள் இந்தியா ஒன்று. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் முதலியோர் இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. 2021இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்து இதய, இரத்தக்குழாய் நோய்களை 31 விழுக்காடு குறைத்தன. அதில் பங்கேற்ற 5,713 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைகளின் செலவை ஏற்றது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்தக்கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவ்விரு திட்டங்களுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில், தினசரி மாத்திரையும் அரசு கவனிக்க வேண்டிய பெருஞ்சிகிச்சையே என்ற எண்ணம் வலுப்பெற்றிருக்கிறது.

இன்றைய நிலை

இந்த வரலாறு இரண்டு தவறுகளிலிருந்து நம்மைக் காக்கிறது. அறிகுறியே இல்லாதவர், ஸ்கேன் தாளைக் கண்டு நடுங்கி, அன்றே ஸ்டென்ட் வைக்க ஓடுவது ஒன்று. ஒரு கை பத்து நிமிடம் வலுவிழந்து திரும்பியவர், "சரியாகிவிட்டதே" என்று மாத்திரையோடு வீட்டில் இருந்துவிடுவது மற்றது. இரண்டாவதே உயிருக்கு உலை வைப்பது. நாசெட் காட்டிய 26 விழுக்காடும் எக்ஸ்பிரஸ் காட்டிய நாள் கணக்கும் இவரைப் பற்றியவைதாம். முகம் கோணினாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண்ணில் பார்வை திடீரென மறைந்தாலோ, அது சரியானாலும் சரியாகாவிட்டாலும் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தட்டணுக்களைத் தடுக்கும் மாத்திரை ஒன்று, ஸ்டேட்டின் ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்றோ இரண்டோ, தேவைப்பட்டால் சர்க்கரைக்கு ஒன்று. கழுத்துத் தமனிச் சுருக்கம் உள்ள பெரும்பாலோரின் மருந்துச் சீட்டு இவ்வளவே. பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ இவற்றில் எதையும் நிறுத்த வேண்டுமானால், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். மாட்டுத் தீவனம், மென்று துப்பிய சூயிங்கம், சர்ப்பகந்தா வேர், அரிசியில் பூத்த பூஞ்சை என எங்கெங்கிருந்தோ தொடங்கிய எழுபது ஆண்டுக்கால உழைப்பின் பலன், இன்று ஒரு சிறிய மாத்திரைப் பட்டையில் கிடைக்கிறது. அதை நாள் தவறாமல் எடுத்துக்கொள்பவருக்கே அந்தப் பலன் கிட்டும்.